வட்டம் போட்ட இருபத்திமூணு இடம்

அத்தியாயம் 14

போன வாரம் பளிச்சக்கா பெட்டி கட்டினதைப் படிச்சுட்டு, "அப்பாடா, நாத்தனார் கிளம்பியாச்சு, இனி அந்த டெய்லர் நிம்மதியா இருப்பா"ன்னு எனக்கு எழுதின வாசகர்களே, உங்களுக்கு ஒரு பெரிய கும்பிடு. நாத்தனார்னா கொடுமைக்காரியாத்தான் இருக்கணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு? பதிமூணு வாரமா நான் என்னத்தைச் சொல்லிக்கிட்டிருக்கேன்? அந்த வீட்டுல நாத்தனாரும் தம்பி பொண்டாட்டியும் நகமும் சதையும். அவங்க பிரியக் கூடாதேன்னுதான் இத்தனை கூத்தும்.

இந்த வாரம்தான் கடை பக்கம் போய்ப் பத்திரிகையைக் கையில எடுத்தவங்களுக்கு நாலு வரி.

டிரைவரும் டெய்லரும் புருஷன் பொண்டாட்டி. அவர் டவுன் பஸ் ஓட்டுறார். அவ முன் ரூம்ல மெஷின் போட்டுத் தைக்கிறா. ஒரே மகள், கல்யாணமாகி வெளியூர் போயாச்சு. வீடு சொந்த வீடு. சம்பளம் கம்மியா இருக்கிறவங்களுக்கு வீடு கொடுக்கிற திட்டத்துல, பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால கிடைச்சது. ரெண்டு ரெண்டு வீடா ஒட்டி, நடுவுல ஒரே சுவர், மேல ஒரே கூரை. தெரு முழுக்க அப்படித்தான். சாவி கையில வாங்கின அன்னைக்கு டெய்லர் சந்தோஷத்துல அழுத வீடு அது. இப்போ மழை வந்தா பின் ரூம்ல குடை பிடிக்கணும்.

அந்தப் பின் ரூம்தான் டிரைவரோட அக்கா, அதாவது நம்ம பளிச்சக்கா இருந்த ரூம். கூரை ஒழுக ஆரம்பிச்ச நாள்ல இருந்து, ரெண்டு வருஷமா, ஹால்ல மடக்குக் கட்டில் போட்டுப் படுக்கிறாங்க. பெரிய ஹோட்டல்ல, ரூம் சுத்தம் பண்ற இருபது பேருக்கு அவங்கதான் சூப்பர்வைசர். அவங்க கை பட்ட இடத்துல கறை நிக்காது. அதனாலதான் அந்தப் பட்டப்பேரு.

"நடக்கிற வழியில நான் படுத்துக் கிடக்கேன். தம்பி டூட்டி முடிஞ்சு வந்தா என்னைத் தாண்டிக் குதிச்சுப் போறான். திங்கக்கிழமை எங்க ஹோட்டல் விடுதிக்கே போயிடறேன்"னு போன வாரம் சொன்னாங்க.

டெய்லர் கையில அப்போ ஒரு லெட்டர் இருந்தது. பழைய வீடுகளைச் சரி பண்ணிக் கொடுக்கிற திட்டத்துக்கு மூணு தடவை மனு போட்டு, மூணாவது தடவைதான் பதில் வந்திருந்தது. 'சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் இன்ஜினியர் வந்து பார்ப்பார்.' அந்த இன்ஜினியர் எழுதுறதுதான் எல்லாம். சேதம்னு எழுதினா ரூம் கிடைக்கும், அக்கா இருப்பாங்க. இல்லைன்னு எழுதினா, திங்கக்கிழமை பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவாங்க.

இதை ஏன் அவங்ககிட்டயே சொல்லலைன்னு கேக்கிறீங்க. சொல்லியிருந்தா, "எனக்காக நீ போய் மனு போட்டியா?"ன்னு ரோஷப்பட்டு ஞாயித்துக்கிழமையே கிளம்பியிருப்பாங்க. அந்த ரோஷம் அப்படி.

இப்போ சனிக்கிழமைக்கு வருவோம்.

ஒரு வாரமா டெய்லர் ஒரு வேலை பார்த்திருந்தா. துணியில எங்கே பிடிக்கணும், எங்கே இறக்கணும்னு குறி போடுவாங்களே, அந்தத் தையல் சாக்கட்டியை எடுத்து, வீட்டுல இருக்கிற ஒவ்வொரு விரிசலையும் ஒவ்வொரு ஒழுகலையும் சுத்தி நீல வட்டம் போட்டு நம்பர் எழுதினா. ஹால்ல ஏழு, சமையலறையில அஞ்சு, பின் ரூம்ல பதினொண்ணு. மொத்தம் இருபத்திமூணு. வர்றவங்க ஒண்ணையும் விட்டுடக் கூடாதுல்ல? எதுக்குன்னு பளிச்சக்கா கேட்டப்போ, "சும்மா ஒரு கணக்குக்கு"ன்னு மழுப்பிட்டா.

காலையில கிளம்பும்போது, "அண்ணி, வீட்டுப் பத்திரத்தை ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்துடறேன். பத்து மணிக்கு ஆபீஸ்ல இருந்து ஒருத்தர் வீட்டைப் பார்க்க வர்றார். நான் வர லேட்டானா உக்கார வைங்க"ன்னு சொன்னா.

"எந்த ஆபீஸ்?"

"இந்த வீட்டைக் கொடுத்தாங்களே, அந்த ஆபீஸ்தான்."

"இன்ஸ்பெக்ஷனா?"

"அப்படித்தான் வெச்சுக்குங்களேன்."

அந்த ஒரு வார்த்தைதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம், மகராசி. சொல்லலை.

ஜெராக்ஸ் கடையில கூட்டம். மெஷின்ல பேப்பர் வேற சிக்கிக்கிச்சு. ஓட்டமும் நடையுமா அவ வீட்டு வாசலுக்கு வந்தப்போ மணி ஒம்பது அம்பது. கதவைத் திறந்தா ஒரு வாசனை. சோப்பு வாசனை, பினாயில் வாசனை, எல்லாத்துக்கும் மேல, ஈரம் காயாத வெள்ளைச் சுண்ணாம்பு வாசனை.

டெய்லர் அப்படியே நின்னுட்டா.

ஹால்ல ஒரு வட்டம் இல்லை. ஏழாம் நம்பர் விரிசல் மேல காலண்டர் தொங்குது. நாலாம் நம்பர் ஓட்டையை மறைச்சு, பீரோ இடம் மாறி நிக்குது. சமையலறை ஜன்னல் கட்டையில மெழுகைத் தேய்ச்சு அடைச்சு, மேல பெயின்ட் பூசி, புதுசு மாதிரி மின்னுது. பின் ரூம் கதவு ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் அகலமாத் திறந்து கிடக்கு. உள்ளே சுவரு, கூரை எல்லாம் வெள்ளை வெளேர்னு இருக்கு. நடுவுல முக்காலி மேல, முந்தானையை இடுப்புல சொருகிட்டு, கையில பிரஷ்ஷோட பளிச்சக்கா.

"வந்துட்டியா? எப்படி?"ன்னு கேட்டாங்க. முகத்துல அப்படி ஒரு பெருமை.

"அண்ணி... வட்டம் எல்லாம் எங்கே?"

"அதைத்தான் சொல்ல வந்தேன். நீ வட்டம் போட்டு வெச்சது ரொம்ப வசதியாப் போச்சு. எந்தெந்த இடத்தை மறைக்கணும்னு தேடவே வேண்டியதில்லை. ஒண்ணு விடாம முடிச்சுட்டேன். எங்க ஹோட்டல்ல கூட இவ்வளவு அழகா யாரும் குறி போட்டுக் கொடுத்ததில்லை, போ!"

டெய்லருக்கு அழறதா சிரிக்கிறதான்னு தெரியலை. தெரியறதுக்குள்ள வாசல்ல குரல் கேட்டது. "உள்ளே வரலாமா?"

இன்ஜினியர்னா மீசை வெச்ச ஆளு வருவார்னு நினைச்சிருந்தா டெய்லர். வந்தது முப்பது வயசு கூட இருக்காத பொண்ணு. தோள்ல பை, கையில டார்ச், இடுப்புல ஒரு சின்ன சுத்தியல். காலையில இருந்தே ஏழெட்டு வீடு ஏறி இறங்கின களைப்பு கண்ணுல தெரிஞ்சது.

பளிச்சக்கா முந்திக்கிட்டாங்க. "வாங்க மேடம், வாங்க. இது ஹால். காத்தோட்டம் பாருங்க. இந்தப் பக்கம் சமையலறை."

ஹோட்டலுக்கு வந்த விருந்தாளிக்கு ரூம் காட்டுற மாதிரியே கையை நீட்டி நீட்டிக் காட்டுறாங்க. இன்ஜினியர் பொண்ணு பின்னாலேயே போய், டார்ச் அடிச்சு, சுவரைத் தடவி, காகிதத்துல டிக் போட்டுக்கிட்டே வருது. எல்லா டிக்கும் 'நல்ல நிலை'ங்கிற கட்டத்துல விழுது. டெய்லர் எட்டிப் பார்த்தா.

இதுக்கு நடுவுல டிரைவர் காலை டூட்டி முடிச்சு வந்து சேர்ந்தார். வீட்டைப் பார்த்தார். வெளியே போய் வீட்டு நம்பரைப் பார்த்துட்டுத் திரும்பி வந்தார்.

"என்னடி இது?"ன்னு பொண்டாட்டி காதுல கேட்டார்.

"உங்க அக்கா."

"அய்யய்யோ."

அவ்வளவுதான் அவர் பேசினது. அக்கா முன்னாடி அவருக்கு வாய் வராது, பிறந்ததுல இருந்தே.

பின் ரூம்ல இன்ஜினியர் பொண்ணு மூக்கை உறிஞ்சுச்சு. "புதுசா வெள்ளையடிச்சிருக்கீங்களா?"

"எங்க வீடு எப்பவும் இப்படித்தான் மேடம்"னாங்க பளிச்சக்கா, கண்ணைக் கூட சிமிட்டாம.

"அம்மா, நான் ஒண்ணு சொல்லிடறேன். என் கண்ணுக்குத் தெரியறதைத்தான் நான் எழுதலாம். சந்தேகத்தை எல்லாம் எழுத முடியாது. இன்னும் நாப்பது வீடு பார்க்கணும். வேற யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?"

பளிச்சக்கா சொன்னாங்க, "ஒண்ணுமில்லை மேடம். குறை ஒண்ணுமே இல்லை."

"சந்தோஷம். இப்படிப் பார்த்துப் பார்த்து வெச்சிருக்கிற வீட்டை இந்தத் தெருவுலயே நான் பார்க்கலை"ன்னு சொல்லிட்டு, அந்தப் பொண்ணு கையெழுத்துப் போடப் பேனாவைத் திருப்புச்சு.

டெய்லரோட நிலைமையைக் கொஞ்சம் யோசிங்க. வாயைத் திறந்தா, முன்னப்பின்னத் தெரியாத ஒரு ஆபீசர் முன்னாடி அண்ணியைப் பொய் சொன்னவங்களாக்கணும். அவங்க ஆசையாப் பார்த்த வேலையை அவங்க கண்ணு முன்னாலயே குலைக்கணும். வாயை மூடிக்கிட்டா, திங்கக்கிழமை அந்தக் கட்டில் காலி. எந்தப் பக்கம் போனாலும் அவங்க மனசு நோகும். பேனா காகிதத்தைத் தொட்டாச்சு.

"மேடம், எழுதாதீங்க!"

தெருவுக்கே கேட்டிருக்கும். அவ போட்ட சத்தத்துல அவளே பயந்துட்டா.

"இந்த வீடு ஒழுகுது மேடம். இருபத்திமூணு இடத்துல ஒழுகுது. எல்லாத்தையும் மறைச்சு வெச்சிருக்கோம்."

பளிச்சக்கா முகம் சிவந்து போச்சு. "உனக்கு என்ன கிறுக்கா? வீட்டு மானத்தை இப்படிக் கப்பல் ஏத்துறே? இவங்க குறை கண்டுபிடிச்சு எழுதிட்டுப் போனா, வீட்டை ஒழுங்கா வெச்சுக்கத் தெரியலைன்னு திரும்ப எடுத்துக்க மாட்டாங்களா? இன்ஸ்பெக்ஷன்னா அதானே?"

"அது உங்க ஹோட்டல்ல அண்ணி. இவங்க மார்க் போட வரலை. சரி பண்ணிக் கொடுக்க வந்திருக்காங்க. குறை இருந்தாத்தான் சரி பண்ணுவாங்க."

"சரி பண்ணி?"

"சரி பண்ணி உங்க ரூமை உங்களுக்கே திருப்பிக் கொடுக்கத்தான். மூணு தடவை எழுதிப் போட்டேன். உங்ககிட்ட சொன்னா நீங்க கோபப்பட்டு முன்னாடியே போயிடுவீங்கன்னு சொல்லலை. நீங்க போகக் கூடாது அண்ணி. நீங்க போயிட்டா எனக்கு இந்த வீட்டுல பேச யாரு இருக்கா? உங்க தம்பியா? அவர் பஸ் ஹாரன் கூட அவரை விட அதிகமாப் பேசும்."

டிரைவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். உண்மைதானே.

பளிச்சக்கா கையில இருந்த பிரஷ்ஷைப் பார்த்தாங்க. வெள்ளைச் சுவரைப் பார்த்தாங்க. காலையில இருந்து முதுகு ஒடிய அடிச்ச வெள்ளை. அவங்களுக்கு அழுகையே வந்திருக்கும்னு நான் நினைக்கிறேன், ஆனா அவங்க அழுற ஆள் இல்லை. ஒரு பெருமூச்சு விட்டு, முந்தானையை இன்னும் இறுக்கிச் சொருகினாங்க.

"டேய் தம்பி, மரம் மாதிரி நிக்காதே. வாளியில தண்ணி கொண்டா. ஏம்மா, நீ போய் அந்தக் காலண்டரைக் கழட்டு. மேடம், ஒரு பத்து நிமிஷம் கொடுங்க. போட்டவளுக்குத்தான் எடுக்கத் தெரியும்."

அப்புறம் நடந்ததை நீங்க நேர்ல பார்த்திருக்கணும். ஈரத்துணியால ஒரே இழுப்பு, சுண்ணாம்பு வழிஞ்சு கீழே வந்துச்சு, பின்னாலேயே பச்சைப் பூஞ்சை எட்டிப் பார்த்துச்சு. "இது பதினாலு. கையை வெச்சுப் பாருங்க மேடம், ஈரம். எழுதிக்கிட்டீங்களா? இது பதினஞ்சு. இதுக்குள்ள பழைய துணியை அடைச்சேன், இருங்க உருவிடறேன். தம்பி, பீரோவைத் தள்ளுடா, அது பின்னாடிதான் நாலு." மறைச்சப்போ எவ்வளவு சுத்தமோ, காட்டுறப்பவும் அவ்வளவு சுத்தம். இன்ஜினியர் பொண்ணுக்கு எழுதிக் கை வலிச்சிருக்கும். சிரிச்சுச் சிரிச்சு வயிறும் வலிச்சிருக்கும்.

"எங்க ஆபீஸ்ல மூணு வருஷமா இருக்கேன். இந்த மாதிரி யாரும் எனக்கு வீடு காட்டினதே இல்லை"ன்னுச்சு.

இருபத்திமூணும் முடிஞ்சது. டெய்லர் மூச்சு விட்டா.

"இரு. இன்னொண்ணு இருக்கு"ன்னாங்க பளிச்சக்கா. "இருபத்திநாலு. நீ வட்டம் போடாதது. உன் உயரத்துக்கு அது தெரியாது. வெள்ளையடிக்க முக்காலி மேல ஏறினப்போ பார்த்தேன். ஏதோ மரம் இத்துப் போயிருக்குன்னு அதுக்கும் சேர்த்து அடிச்சுட்டேன்."

பின் ரூம் கூரையைத் தாங்கற உத்தரம், நடுச்சுவருக்குள்ள நுழையற இடம். இன்ஜினியர் பொண்ணு முக்காலி மேல ஏறி, ஸ்க்ரூ டிரைவரை வெச்சு லேசா அழுத்துச்சு. பழுத்த பழத்துல இறங்கற மாதிரி உள்ளே போச்சு, கைப்பிடி வரைக்கும்.

அந்தப் பொண்ணோட சிரிப்பு நின்னு போச்சு.

"இந்த ரூம்ல யாராவது படுக்கிறாங்களா?"

"இல்லை. ரெண்டு வருஷமாப் பூட்டித்தான் இருந்துச்சு"ன்னார் டிரைவர்.

"நல்ல காலம். இது அடுத்த மழையைத் தாங்காது. நான் 'நல்ல நிலை'ன்னு எழுதிட்டுப் போயிருந்தா..." மேல சொல்லாம கீழே இறங்கி, காகிதத்துல மேல் ஓரமா சிவப்புப் பேனாவால ஒரு கோடு இழுத்துச்சு. "அவசர வேலை. உங்க வீடு இப்போ லிஸ்ட்ல முதல்ல வந்துடும். கூரை, உத்தரம், சுவரு எல்லாமே. ஆளும் பொருளும் எங்களுது."

டெய்லர் அண்ணியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. ரெண்டு பேர் உடம்புலயும் சுண்ணாம்பு. டிரைவர் எங்கே பார்க்கிறதுன்னு தெரியாம வாளியையே பார்த்துக்கிட்டு, மூக்கை மூக்கை உறிஞ்சிக்கிட்டிருந்தார்.

"ரெண்டு நிபந்தனை இருக்கு"ன்னுச்சு இன்ஜினியர். "ஒண்ணு, உங்க வீட்டு வேலைக்குப் பதிலா, இந்தத் தெருவுல வேற ஒரு வீட்டு வேலைக்கு நீங்க நாப்பது மணி நேரம் கை கொடுக்கணும். முனை வீடு ரெண்டையும் போன வருஷம் அப்படித்தான் முடிச்சோம்."

"நாப்பது என்ன நாப்பது? எண்பதுன்னு எழுதிக்குங்க. முனை வீட்டுல பெயின்ட் அடிச்சிருக்கிற லட்சணத்தைப் பார்த்து எனக்கு ஒரு வருஷமாத் தூக்கமே இல்லை"ன்னாங்க பளிச்சக்கா.

"ரெண்டாவது, உங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே உத்தரம், ஒரே கூரை. பாதியை மட்டும் பிரிக்க முடியாது. அவங்களும் மனுவுல கையெழுத்துப் போட்டாத்தான் வேலை ஆரம்பிக்கலாம். பதினஞ்சு நாள் டைம். இல்லைன்னா அடுத்த வீட்டுக்குப் போயிடும்."

சுருதி சட்டுனு இறங்கிடுச்சு.

பக்கத்து வீடு யாரு வீடுன்னு தொடர்ந்து படிக்கிறவங்களுக்குச் சொல்லவே வேண்டாம். வாட்ச் ரிப்பேர் கடை வெச்சிருக்காரே, அவர் வீடு. ரெண்டு கூரைக்கும் நடுவுல இருக்கிற மழைத்தண்ணிக் குழாயை யாரு சுத்தம் பண்றதுன்னு நாலு வருஷத்துக்கு முன்னால அவருக்கும் டிரைவருக்கும் வாய்ச்சண்டை வந்து, அன்னையில இருந்து பேச்சு வார்த்தை இல்லை. இவர் பண்ணட்டும்னு அவர், அவர் பண்ணட்டும்னு இவர். குழாயில இலை அடைச்சு, தண்ணி தேங்கி, நடுச்சுவருல இறங்கி, ரெண்டு பேரோட உத்தரத்தையும் தின்னிருக்கு.

இன்ஜினியர் பொண்ணு காகிதத்தைக் கொடுத்துட்டு அடுத்த வீட்டுக்கு ஓடிடுச்சு. டெய்லர் மனுவைக் கையில வெச்சுக்கிட்டு மெஷின் முன்னாடி உக்காந்தா.

"அவர் எங்கே கையெழுத்துப் போடப் போறார்? போட்டாலும் வேலை முடிய மாசக்கணக்காகும். நீங்க திங்கக்கிழமை..." அவளால முடிக்க முடியலை.

பளிச்சக்கா கையைத் துடைச்சுக்கிட்டு போனை எடுத்தாங்க. "ஹலோ, வார்டனா? நான்தான், சூப்பர்வைசர். எனக்குன்னு வெச்சிருந்தீங்களே ஒரு கட்டில், அதை வேற யாருக்காவது கொடுத்துடுங்க. இல்லை இல்லை, அடுத்த மாசமும் வரலை. எந்த மாசமும் வரலை. எங்க வீட்டுல வேலை கிடக்கு."

போனை வெச்சாங்க.

"ரூம் இன்னும் வரவே இல்லையே அண்ணி!"

"ரூம் வந்தா ரூம்ல படுக்கிறேன். வரலைன்னா ஹால்லயே படுக்கிறேன். அவன் இன்னும் கொஞ்ச நாள் என்னைத் தாண்டிக் குதிக்கட்டும், உடம்புக்கு நல்லது. மூணு தடவை எழுதிப் போட்டாளாம், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையாம். உனக்கு இருக்கிற அழுத்தம் இருக்கே! உன்னை விட்டுட்டு நான் எங்கே போவேன், சொல்லு. போ, முகத்தைக் கழுவு."

டெய்லர் முகம் கழுவப் போகலை. அவங்க தோள்ல சாய்ஞ்சு நல்லா அழுது முடிச்சா. சந்தோஷ அழுகைக்கு யாரு அணை போடுறது?

அவ அழுது முடிக்கிற வரைக்கும் பொறுமையா இருந்துட்டு, பளிச்சக்கா மனுவைப் பிடுங்கிக்கிட்டு விறுவிறுன்னு பக்கத்து வீட்டுக்கு நடந்தாங்க. பின்னாலேயே டெய்லர். கொஞ்சம் தள்ளி, கேட்டைப் பிடிச்சுக்கிட்டு டிரைவர்.

கதவைத் தட்டினாங்க.

"யாரு?"ன்னு உள்ளே இருந்து வாட்ச்காரர் குரல்.

"பக்கத்து வீடு. வீடு ரிப்பேர் விஷயமாப் பேசணும். உங்க வீட்டுச் சுவரையும் கொஞ்சம் பார்க்கணும்."

உள்ளே நாற்காலி நகர்ற சத்தம். "ஒரு நிமிஷம் இருங்க, வீடு கன்னாபின்னான்னு கிடக்கு. கொஞ்சம் ஒதுங்க வெச்சுட்டுக் கதவைத் திறக்கிறேன்."

"ஒண்ணையும் ஒதுக்காதீங்க!"ன்னு பளிச்சக்கா கத்தின கத்துல எதிர்வீட்டு ஜன்னல் ரெண்டு திறந்துச்சு. "இருக்கிறது இருக்கிற மாதிரியே இருக்கட்டும்! கறை, விரிசல், ஒண்ணு விடாம எனக்கு வேணும்!"

தாழ்ப்பாள் விலகிச்சு. கண்ணாடியை நெத்தி மேல ஏத்திவிட்டுக்கிட்டு வாட்ச்காரர் வாசல்ல நின்னார். அவருக்குப் பின்னாடி, அதே நடுச்சுவரோட அந்தப் பக்கம், மேல இருந்து கீழ வரைக்கும் கறுத்துக் கிடந்துச்சு. சுவத்தோரமா வரிசையா மூணு வாளி.

மனுவை வாங்கினார். ஒரு வரி விடாம, ரெண்டு பக்கமும் திருப்பிப் படிச்சார். பேனாவுக்குச் சட்டைப் பையில கை போச்சு. பாதியில நின்னுச்சு. அவர் கண்ணு பளிச்சக்காவைத் தாண்டி, டெய்லரைத் தாண்டி, கேட்டுகிட்ட நின்ன ஆளு மேல விழுந்துச்சு.

"பேனா இருக்கும்மா, எங்கேயும் போகாது"ன்னார் வாட்ச்காரர். "முதல்ல உங்க தம்பி வாயைத் திறந்து எங்கிட்ட ஒரு வார்த்தை பேசட்டும்."